கோயிலைத் திருப்பிவைத்த சங்கிலியார்

நான் பார்த்த மனிதர்களில் கட்சி திரும்பியவர்கள் உண்டு. கொடுத்த வாக்கைத் திருப்பிக்கொண்டவர்கள் உண்டு. சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அது தெரியாமலே தாலுகா ஆபீசில் சாயங்காலம் வரை கம்பீரமாக உட்கார்ந்திருந்த ஒரு குமாஸ்தாவும் உண்டு, அது நான்தான். ஆனால் நூறு வருஷத்துக் கல் கட்டடமான ஒரு கோயிலையே, கூரையில் ஓர் ஓடு அசையாமல், உள்ளுக்குள்ளேயே கிழக்கு மேற்காகத் திருப்பிவைத்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். இரண்டாவது ஆள் இருந்திருந்தால் உலகம் தாங்கியிருக்காது.

அவரைச் சங்கிலியார் என்பார்கள். தாய் தகப்பன் வைத்த பெயர் ஞானஸ்நானப் புத்தகத்தில் எங்கோ இருந்தது. அந்தப் பக்கத்தைக் கரையான் படித்து முடித்துவிட்டது. சர்வே இலாகாவில் நிலம் அளக்கிற இரும்புச் சங்கிலியை முப்பது வருஷம் இழுத்தவர். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு, எத்தனை வருஷம் எங்கே இருந்தார் என்று தயக்கத்தோடு விசாரிப்பார்கள். அவரும், "உடையார்பாளையத்துல பதினோரு வருசம், பெரம்பலூர்ல எட்டு வருசம், மிச்சமெல்லாம் அரியலூருங்க" என்று பெருமையாகச் சொல்வார். கேட்டவர்கள் அன்றிலிருந்து அவருக்கு வழிவிட்டு நடப்பார்கள்.

வேலை போனாலும் திசை அவரை விட்டுப் போகவில்லை. இடது, வலது என்ற சொற்களே அவரிடம் கிடையாது. நாவிதர் முன்னால் உட்கார்ந்தால், "வடக்கால மீசை கொஞ்சம் தூக்கலா இருக்குப்பா" என்பார். ஒருமுறை பல்வலியோடு கம்பவுண்டரிடம் போய், மேல்வரிசையில் தெற்குக் கடைசிப் பல் என்று சொல்லி வாயைத் திறந்தார். கம்பவுண்டர் வெளிச்சத்துக்காக நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சொன்னபடி தெற்குப் பல்லைப் பிடுங்கினார். பிடுங்கியது நல்ல பல். சங்கிலியார் கோபித்துக்கொள்ளவில்லை. துப்பிவிட்டுப் பொறுமையாக விளக்கினார்: "தெக்கு நின்ன எடத்துலதாங்க நிக்குது. நாக்காலியத் திருப்புனதுல பல்லுதான் வடக்கால போயிருச்சு."

இப்படிப்பட்டவர் எங்கள் கோயிலுக்குக் கோயில்பிள்ளையாக வந்தது யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்தி. பெருக்குவது, மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பெஞ்சு துடைப்பது எல்லாம் கோயில்பிள்ளையின் வேலை. மனைவியை எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய வந்தார். அடக்கம் முடிந்து எல்லோரும் போனார்கள், இவர் போகவில்லை. விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவ்வளவுதான் நியமனம். கோயிலின் மேற்குக் கோடியில், பாதிரியார் அங்கி மாட்டிக்கொள்வதற்கென்று ஒரு சிறிய அறை. அதில் ஒரு பாதி அங்கிகளுக்கு, மறு பாதி சங்கிலியாருக்கு. வேறு வீடு கிடையாது. பிள்ளை குட்டி கிடையாது. ஓர் ஆடு உண்டு.

இனி கோயிலைச் சொல்ல வேண்டும். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற சாலை ஓரத்தில் இருந்தது. ஊரார் மாதாகோயில் என்பார்கள். ஆனால் மாதா இல்லாத கோயில். இங்கிலாந்துச் சபையைச் சேர்ந்தது. அதைக் கட்ட ஆசைப்பட்ட துரை, சீமையில் தன் சொந்தக் கிராமத்துக் கோயிலை நினைத்து ஒரு படம் வரைந்து, உடையார்பாளையத்துக் கொத்தனார் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, காய்ச்சலுக்குப் பயந்து மலைப் பக்கம் போய்விட்டார். சீமைக் கோயில்களில் பலிபீடம் கிழக்குக் கோடியில் இருக்கும். வாசல் மேற்குக் கோடியில். எங்கள் கொத்தனாரோ தலைமுறை தலைமுறையாகச் சாமிக்குக் கோயில் கட்டியவர். படத்தைப் பார்த்தார். வாசல் மேற்கே இருந்தது. துரை பாவம், காய்ச்சல் வேகத்தில் தாளைத் தலைகீழாகப் பிடித்து வரைந்துவிட்டார் என்று இரக்கப்பட்டார். தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, வாசல் கிழக்கு பார்க்கிற மாதிரி லட்சணமாகக் கட்டி முடித்தார்.

துரை திரும்பி வந்தபோது வாசலுக்கு மேலே மணிக்கூண்டே எழும்பிவிட்டது. அவர் எதிரே இருந்த புளிய மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். பிறகு எழுந்து, நன்றாக இருக்கிறது என்றாராம். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் மனசுக்குள் என்ன சொன்னார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

உள்ளே இருந்த சாமான்களும் அப்படித்தான். வேதபுத்தகம் வைத்துப் படிக்கிற மேசை, சீமையில் சிறகு விரித்த கழுகு வடிவத்தில் இருக்கும். எங்கள் தச்சர் கழுகையும் அறிவார், கருட வாகனத்தையும் அறிவார். மரியாதையானது எது என்று யோசித்துக் கருடனைச் செய்தார். கன்னம் உப்பி, மூக்கு வளைந்து, கைகூப்பாத குறைதான். வாசலைத் தாண்டியதும் நடுவழியில் இருந்த ஞானஸ்நானத் தொட்டி எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லில் குடைந்தது. அந்தக் கல்லில் எந்தக் காலத்துக் கடல் நத்தைகளோ சுருண்டு சுருண்டு பதிந்திருக்கும். குழந்தைக்குத் தண்ணீர் தெளிக்கும்போது கூட்டம் குழந்தையை விட நத்தையைத்தான் பார்க்கும். பதினாறு பேர் சேர்ந்தாலும் அந்தத் தொட்டி அசையாது. தேக்கில் செய்த பிரசங்க பீடத்துக்கு ஐந்து படி. மேற்குச் சுவரில், பலிபீடத்துக்கு மேலே, சீமையிலிருந்து வந்த வர்ணக் கண்ணாடி ஜன்னல். அதில் இருந்த மேய்ப்பருக்கு ஒரு காற்றடி மழையில் முகம் போய்விட்டது, மிச்சமிருந்தது ஆடுகள்தான்.

காலை ஆராதனையில் கிழக்கு வாசல் வழியாக வெயில் நேராகப் பாதிரியார் கண்ணில் அடிக்கும். அதனால் எல்லாப் பாதிரியார்களும் கண்ணை மூடிக்கொண்டுதான் பிரசங்கம் செய்தார்கள். இவ்வளவு பக்தியான பாதிரியார்கள் வேறு எந்த ஊருக்கும் வாய்க்கவில்லை என்று சபையார் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

இதுவரை நூறு வருஷம் நிம்மதியாக ஓடியது. சங்கிலியார் வந்த மூன்றாம் மாதம், அங்கி அறைப் பெட்டியில் ஒரு பழைய வெள்ளைக்காரப் பாதிரியாரின் குறிப்புப் புத்தகம் கிடைத்தது. சபையார் தங்கள் நம்பிக்கையை அறிக்கையிடுகிற விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது எல்லோரும் கிழக்கு நோக்கி நிற்பது நல்ல வழக்கம் என்று அதில் எழுதியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஐயரிடம் போனார் சங்கிலியார். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஐயர் இளைஞர், சாது. யார் உறுதியாகச் சொன்னாலும் நம்பிவிடுவார். கிழக்கே திரும்ப வேண்டும் என்றால் திரும்புவோமே என்றார்.

கிழக்கே இருந்தது வாசல்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், நாங்கள் நூற்றுச் சொச்சம் பேர் எழுந்து, பலிபீடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பெரம்பலூர்ச் சாலையை வெறித்துப் பார்த்துக்கொண்டு, "விசுவாசிக்கிறேன்" என்று ஒரே குரலில் முழங்கினோம். சாலையில் போகிற கட்டைவண்டிக்காரர்கள் பயந்துபோய் வண்டியை நிறுத்தி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டார்கள். யுத்தகாலத்துக் கரி பஸ் ஒன்று உண்டு. அது எங்கள் வாசலுக்கு நேரேதான் எப்போதும் மூச்சுவிட்டு நின்றுபோகும். பஸ்ஸில் இருந்தவர்களும் நாங்களும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டே விசுவாசப் பிரமாணத்தை முடிப்போம். வாசலில் கடலை விற்றவர், வேறொரு ஊருக்குக் கடையை மாற்றச் சொல்லி உறவுக்காரர்கள் கேட்டபோது, "வாராவாரம் அத்தன பேரு என்னிய விசுவாசிக்கிறாங்க, எப்புடி வுட்டுட்டு வர்றது" என்றாராம்.

ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. அப்புறம்தான் பிஷப் வருகிறார் என்று கடிதம் வந்தது.

கோயிலுக்கு வெள்ளையடிக்க ஏற்பாடாயிற்று. நான் அப்போது சபைக் கமிட்டியின் காரியதரிசி. அந்தப் பதவிக்கு என்னைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை, அதனால்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சங்கிலியார் தாலுகா ஆபீசுக்கே ஒரு மனுவைக் கொண்டுவந்தார். வெள்ளையடிப்பை முன்னிட்டுக் கோயில் சாமான்களைக் கொஞ்சம் கிழக்காக நகர்த்திக்கொள்ள அனுமதி வேண்டும் என்பது மனு. நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எங்கள் பரம்பரையில் கிடையாது. அனுமதிக்கப்படுகிறது என்று எழுதி, அடியில் என் பெயரை வாலோடு போட்டுக் கொடுத்தேன்.

கொஞ்சம் கிழக்காக என்பது அறுபத்தாறு அடி, அதாவது சர்வே கணக்கில் சரியாக ஒரு சங்கிலி என்று ஒன்பதாவது நாள், சனிக்கிழமை சாயங்காலம்தான் தெரிந்தது. இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைப் பள்ளிக்கூடத்தில் நடத்தியதால் யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நானும் கமிட்டித் தலைவரும் சேர்ந்து போனோம். தலைவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் அவரைக் கார்டு என்றே அழைத்தது. கமிட்டிக் கூட்டங்களை விசில் ஊதித்தான் ஆரம்பிப்பார்.

வெள்ளை பளீரென்று இருந்தது. பலிபீடம் கிழக்கு வாசலுக்குள் மூன்றடி தள்ளி, மணிக்கூண்டுக்கு நேர் கீழே நின்றது. பக்கத்தில் பிரசங்க பீடம். மறுபக்கம் கருடன். அசையாத தொட்டி மட்டும் அசையாமல் பலிபீடத்துக்கு எதிரே வழியை மறித்துக்கொண்டு இருந்தது. பெஞ்சுகள் எல்லாம் அதது இருந்த இடத்திலேயே கிழக்கு பார்க்கத் திரும்பியிருந்தன. நுழைவதற்கு மேற்கே ஒரே வழிதான்: சங்கிலியாரின் அறை. அவர் தன் அடுப்பையும் பாயையும் பெட்டியையும் வெளியே புளிய மரத்தடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அறைச் சுவரில் இருந்த தட்டியைப் பிரித்து, சபையார் வரப் பாதை செய்திருந்தார். ஒன்பது நாளாக அவருக்கு மரத்தடியில்தான் குடித்தனம். ஆடு மட்டும் காலி செய்ய மறுத்து அங்கிகளுக்கு அடியில் படுத்திருந்தது.

கார்டு கோயிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து பார்த்தார். பிறகு, "என்னய்யா இது?" என்றார்.

"கெழக்குங்க."

"என் பெஞ்சு எங்க?"

"அதே எடத்துலதாங்க. ஒரு அங்குலம் நகரல. திரும்பித்தான் நிக்குது."

அதுதான் விஷயம். கார்டின் பெஞ்சு முதல் வரிசை, மெத்தை போட்டது. பெஞ்சுகள் நின்ற இடத்திலேயே திரும்பியதில் முதல் வரிசை கடைசி வரிசையாகிவிட்டது. ஆட்டுக்குப் பக்கத்து இருக்கை. கதவோரம் உட்கார்ந்து, பிரசங்கம் தொடங்கியதும் நழுவுவதற்கென்றே நானும் என்னைப் போன்ற பக்தர்களும் பிடித்து வைத்திருந்த கடைசி வரிசை, பிஷப்பின் மூக்குக்கு அடியில் போய் நின்றது.

யார் உத்தரவு என்று கார்டு கேட்டார். சங்கிலியார் என்னைப் பார்க்கவில்லை. நான் ஜன்னலில் முகமில்லாத மேய்ப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்டு அங்கேயே தீர்மானம் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். வெள்ளையடிக்க வந்து சாமான்களையும் தூக்கிவைத்த ஆட்களெல்லாம் போய்விட்டார்கள், விடிவதற்குள் ஒன்றையும் பழையபடி வைக்க முடியாது, ஆகவே நாளை ஆராதனை இப்படியே நடக்கும். பிஷப் இதைத் தவறென்று சொன்னால், கோயில்பிள்ளை நாளைச் சாயங்காலத்துக்குள் வேலையையும் வளாகத்தையும் விட்டு வெளியேற வேண்டும். அறைக்குப் பூட்டு. தீர்மானத்துக்கு அடியில் காரியதரிசி என்று கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் போட்டேன், படித்தது உதவவில்லை.

சங்கிலியார் கேட்டுவிட்டு, "சரிங்க" என்றார். பிறகு மெழுகுவத்தியைத் துடைக்கப் போய்விட்டார். அவருக்குப் போக்கிடம் கிடையாது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை, பிஷப்பின் காரைக் கிழக்கு வாசலுக்கு வராமல் தடுத்து மேற்கே திருப்பி விடுவதற்காகக் கார்டு பச்சைக் கொடியோடு சாலையில் நின்றார். டிரைவர் அதை வரவேற்பு மரியாதை என்று எடுத்துக்கொண்டு நேரே வாசலில் நிறுத்திவிட்டான். பிஷப் வெள்ளைக்காரர், வயசானவர். பொன் சரிகைப் போர்வையும் உயரமான தொப்பியுமாக இறங்கிப் படியேறினார். எதிரே பலிபீடத்தின் முதுகு. அதற்கு அப்பால் நூற்றுச் சொச்சம் பேர் எழுந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாடக மேடையில் திரைக்குப் பின்னாலிருந்து வருகிறவர் மாதிரி ஒரு கணம் நின்றார். திரும்பிச் சாலையைப் பார்த்தார். பிறகு போர்வையைச் சுருட்டிக்கொண்டு, பலிபீடத்துக்கும் நிலைக்கும் நடுவில் பக்கவாட்டில் நுழைந்து, தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே வந்தார்.

கதவைச் சாத்த முடியவில்லை. போன மழையில் உப்பிப்போன கதவு. அதனால் வெயில் பிஷப்பின் முதுகுக்குப் பின்னாலிருந்து எங்கள் கண்ணில் அடித்தது. அவர் ஒரு கறுப்பு உருவமாகத் தெரிந்தார், சுற்றிலும் நெருப்பு. முன்வரிசைக்குப் புதிதாக வந்திருந்த கிழவிகள் இருவர் விசும்பி அழவே ஆரம்பித்துவிட்டார்கள். நூறு வருஷமாகப் பாதிரியார்கள் பட்ட அவஸ்தை எங்களுக்கு வந்துவிட்டதால், நாங்களும் கண்ணை மூடிக்கொண்டோம். எனக்கு அது வேறு வகையில் சௌகரியமாக இருந்தது.

விசுவாசப் பிரமாணம் வந்தது. இப்போது கிழக்கே பலிபீடம். எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் ஆறு வருஷப் பழக்கம் காலில் ஊறியிருந்தது. ஐயர் தொடங்கியதும் சபை முழுவதும் ஒரே சீராகத் திரும்பி, பிஷப்புக்கு முதுகைக் காட்டி, கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த கார்டை நோக்கி, "விசுவாசிக்கிறேன்" என்றது. கார்டு எழுந்து நின்றுவிட்டார். ஆடும் எழுந்தது.

அடுத்தது அப்பமும் திராட்சரசமும் வைத்துப் படைக்கிற திருவிருந்து. பிஷப் பழைய முறைப்படி சபைக்கு முதுகைக் காட்டிப் பலிபீடத்தைப் பார்த்து நின்றார். அதாவது சாலையைப் பார்த்து நின்றார். எரிகிற இரண்டு மெழுகுவத்தி, நடுவில் பித்தளைச் சிலுவை, பின்னால் பொன் போர்வையில் ஒரு பெரியவர், எல்லாம் திறந்த வாசலுக்கு மூன்றடி உள்ளே. அந்த நேரம் பார்த்து, குரும்பலூர்க்காரர் ஒருவர் பெண்டாட்டி பிள்ளையோடு வண்டியில் அரியலூர்ப் பக்கம் எந்தக் கோயிலுக்கோ வேண்டுதலுக்குப் போய்க்கொண்டிருந்தார். பார்த்தார். சாமி வாசலுக்கே எழுந்தருளியிருக்கிறது, பூசாரி தட்டை வாங்கத் தயாராக நிற்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, தேங்காய் பழம் வெற்றிலைத் தட்டோடும் தோளில் பிள்ளையோடும் படியேறி, பலிபீடத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"சாமி, புள்ளைக்கு இருவது நாளாக் காச்சல். நேத்துதான் வுட்டுச்சு. பேரு சொல்லிக் குடுங்க" என்று தட்டை நீட்டினார்.

பிஷப் தமிழை இலக்கணப் புத்தகத்திலிருந்து கற்றவர். சற்று யோசித்து, "குழந்தையின் நாமதேயம் யாது?" என்றார்.

"செல்லமுத்துங்க."

பிஷப் தட்டை வாங்கிப் பலிபீடத்தின் ஓரத்தில் வைத்தார். பிள்ளையின் தலையில் கையை வைத்து, செல்லமுத்துவுக்காகக் கொஞ்ச நேரம் ஜெபித்தார். நாங்கள் பழக்க தோஷத்தில் ஆமென் என்றோம். குரும்பலூர்க்காரர் திருநீறுக்காகச் சிறிது காத்திருந்தார். கிடைக்காது என்று தெரிந்ததும், பரவாயில்லை என்கிற பாவனையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். கார்டு கடைசி வரிசையில் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்ததை நான் திரும்பிப் பார்க்காமலே உணர்ந்தேன்.

கடைசியாக ஆசீர்வாதம். ஆசீர்வாதத்தின்போது மணி அடிக்க வேண்டும். மணிக்கயிறு பலிபீடத்துக்கு நேர்மேலே தொங்கியதால் சங்கிலியார் அதைச் சுருக்குப் போட்டு உயர முடிந்து வைத்திருந்தார். அதை அவிழ்க்க அவர் பிஷப்பின் பக்கத்திலேயே வந்து நின்றார். பிஷப் தொப்பியை அணிந்து, கையை உயர்த்தினார். முடிச்சை அவிழ்ப்பதற்குள் நேரம் வந்துவிட்டதால், சங்கிலியார் சுருக்கோடேயே கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தார். தாழ வந்த சுருக்கு தொப்பியைக் கவ்விக்கொண்டது. மணி மறுபக்கம் சாய, கயிறு மேலே ஏற, தொப்பியும் கூடவே ஏறியது. டாங் என்றால் தொப்பி கீழே வரும். டாங் என்றால் மேலே போகும். பிஷப் நிமிர்ந்து பார்த்தார். தொப்பி ஒருமுறை மிக அருகில் வந்தபோது கையை நீட்டினார், அதற்குள் போய்விட்டது. ஆசீர்வாதத்துக்குப் பன்னிரண்டு மணி என்பது கணக்கு. சங்கிலியார் பன்னிரண்டையும் அடித்து முடித்துவிட்டுத்தான் தொப்பியை எடுத்துக் கொடுத்தார். குறைத்து அடிக்கிற ஆள் இல்லை.

விசாரணை புளிய மரத்தடியில் நடந்தது. அங்கி அறை பாதையாகிவிட்டதால் பிஷப்பை உட்கார வைக்க வேறு நிழல் இல்லை. அவருடைய நாற்காலிக்கு ஒரு பக்கம் சங்கிலியாரின் அடுப்பு, மறு பக்கம் பாய். கார்டு எழுந்து நின்று நடந்ததையெல்லாம் ரிப்போர்ட் மாதிரி ஒப்பித்தார். தீர்மானம் என் சட்டைப் பையில் இருந்தது.

"இதற்கு அனுமதி அளித்தவர் யார்?" என்று பிஷப் கேட்டார்.

"தாளு ஒண்ணு இருந்துச்சுங்க" என்றார் சங்கிலியார். "நேத்து அடுப்புப் பத்த வெக்க வேற ஒண்ணும் கெடைக்கல. யாரு கையெழுத்துன்னு எனக்கு எப்புடிங்க தெரியும், நான் படிக்காதவன்."

முப்பது வருஷம் சர்வே நம்பர் படித்தவர், வெள்ளைக்காரப் பாதிரியாரின் குறிப்புப் புத்தகத்தைத் தோண்டிப் படித்தவர் சொல்கிற வார்த்தை இது. அப்போது நான் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுந்து நின்றேன், அதுவரை உண்மை. எழுந்து, பிஷப்பின் மேல் வெயில் படுகிறது என்று நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அந்தக் கையெழுத்து என்னுடையது என்பதை முதன்முதலாக இந்தப் பத்திரிகை வாசகர்களிடம்தான் சொல்கிறேன். கார்டு இப்போது இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பிஷப் சங்கிலியாரைப் பார்த்தார். "நீர் ஏன் இதைச் செய்தீர்?"

சங்கிலியார் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினார். "எங்க வூட்டுக்காரி மேக்கால அங்கதாங்க கெடக்குறா. தலை மேக்கால, காலு கெழக்கால. எந்திரிக்கிற அன்னைக்குக் கெழக்கப் பாத்து எந்திரிக்கணும்னு எல்லாரையும் அப்புடித்தான வெக்கிறோம். நாம உள்ளாற உக்காந்து மேக்கால பாக்குறோம். அவளும் நானும் நேருக்கு நேரு. நடுவுல ஒரு செவுருதான்."

"அதனால் கேடு என்ன?"

"உசுரோட இருந்தப்பவே எதுத்தாப்புல உக்காந்தா எங்களுக்கு ஒத்துக்காதுங்க. சண்டை வந்துரும். சோறு திங்கிறதுன்னாக்கூட ரெண்டு பேரும் ஒரே பக்கமாப் பாத்துத்தான் உக்காருவோம். அப்ப நல்லா இருப்பா. ஆறு வருசமா வாரா வாரம் எதுத்தாப்புல உக்கார வெச்சுட்டீங்க. ஒரே ஏச்சு. விசுவாசப் பிரமாணத்துக்குத் திரும்புற ஒரு நிமிசந்தாங்க ஓய்வு."

கார்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிஷப் கையமர்த்தினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த பிறகும் போடவில்லை.

"இப்பொழுது எவ்வாறு இருக்கிறாள்?"

"ஒம்போது நாளா சத்தமே இல்லீங்க."

பிஷப் தலையை ஆட்டினார். அது தனக்கும் தெரிந்த விஷயம் என்பதுபோல இருந்தது அவர் ஆட்டியது. பிறகு தீர்ப்புச் சொன்னார். சாமான்கள் யாவும் முன்போலவே மேற்கே செல்லக்கடவன. மணிக்கயிற்றின் கீழே பலிபீடம் இருத்தல் ஆகாது. அதன் காரணத்தைத் தம் தொப்பி அறியும். ஆனால் கோயில்பிள்ளையின் ஆசனம் மட்டும் கிழக்கு வாசலருகே, வாசலை நோக்கியே போடப்படுவதாக. வருவோரைக் காண்பது அவருடைய கடமை. அவர் தம் அறையிலேயே வசிப்பாராக.

"பலிபீடத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டா உக்காருவாரு?" என்றார் கார்டு.

"நீங்கள் அனைவரும் இன்று எனக்குக் காட்டவில்லையா?" என்றார் பிஷப்.

கார் புறப்பட்டுப் போயிற்று. தேங்காய்த் தட்டும் கூடவே போயிற்று. அன்று மத்தியானமே பெஞ்சுகளைத் திருப்ப ஆரம்பித்துவிட்டார்கள். கார்டே நின்று தன் பெஞ்சுக்கு விசில் ஊதினார். பின்வரிசைக்காரர்கள் முன்வரிசையில் இருந்தது அந்த ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அதிலும் தூங்க முடியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். நான் பையிலிருந்த தீர்மானத்தை எட்டாக மடித்துக் கிழித்துப் போட்டேன்.

புளிய மரத்தடியில் சங்கிலியார் குடித்தனத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், ஓர் அம்மி. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கி வைத்த சோற்றுப் பானை. வேலை நேரத்தில் ஒரு பைலைத் தவிர வேறெதையும் தூக்காத நான் அங்கே போய் நின்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் நாற்காலியை நகர்த்திவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பானையைக் காட்டினார்.

"பாத்துத் தூக்குங்க சார். அடி சுடும்."

துண்டைச் சுற்றி இரண்டு கையாலும் தூக்கினேன். அவர் பெட்டியோடு முன்னால் நடந்தார். அந்தக் கோயிலுக்குள் நான் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அவ்வளவு பயபக்தியோடு ஒரு தடவையும் போனதில்லை.